யாரைக் கூட்டிட்டு வந்தே?

முதலில் என் மண்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களைப் பற்றிப் பேச அதற்குப் பிறகுதான் எனக்குத் தகுதி வரும்.

உலகமெல்லாம் போய் நற்செய்தி சொல்லுங்கள் என்று ஆண்டவர் இட்ட கட்டளை வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் இட்டது என்று, மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வருகிற வரைக்கும் நான் நம்பிக்கொண்டிருந்தேன். காரணம் எளிது. கப்பல் டிக்கெட் அவர்களிடம் இருந்தது. தொப்பியும் அவர்களிடம் இருந்தது. என்னிடம் இருந்ததெல்லாம் ஒரு பழைய சைக்கிளும், ஊருக்குள்ளேயே காஜா பேராங்கிலிருந்து பண்டார் ஹிலிர் வரை மிதித்தாலே மூச்சு வாங்குகிற ஒரு தொப்பையும்தான். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு உலகத்தின் கடைசிவரை எப்படிப் போவது? ஆகவே, கொடி மாறும்போது துரைமார் தங்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு இந்தக் கட்டளையையும் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள், நாம் நிம்மதியாகப் பாட்டுப் பாடிக்கொண்டு இருக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

இதை மனசோடு வைத்துக்கொண்டிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. போயும் போயும் தையல் டீச்சரிடம் சொன்னேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆர்மோனியம், ஒனக்கு வெரலு மட்டும்தான் வேல செய்யுது" என்றார்.

ஆர்மோனியம் என்றால் நான்தான். வார நாட்களில் ஒரு கப்பல் ஏஜண்டு ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் காஜா பேராங்கில் தகரக் கூரை போட்ட எங்கள் சின்னத் தமிழ்ச் சபையில் மிதி ஆர்மோனியம். எனக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. டீச்சர் அதை உபயோகித்ததே இல்லை.

அவருக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்தார். வெள்ளைச் சேலை, கறுப்புச் சப்பாத்து, கையில் வளைந்த மரப்பிடி போட்ட ஆண்பிள்ளைக் குடை. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்கு ஊரில் பல கதைகள். நான் நம்புவது ஒன்றைத்தான்: பெண் பார்க்க வந்தவர்களை அவர் சர்ச்சுக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பார், வந்த காரியம் அவர்களுக்கே மறந்துபோயிருக்கும்.

குடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மழைக்கு அவர் அதை விரித்து நான் பார்த்ததில்லை. மழையில் நனைந்துகொண்டே அந்தக் குடையால் ஆள் பிடிப்பார். பின்னாலிருந்து வந்து, வளைந்த பிடியை நம் முழங்கையில் மாட்டி ஒரு இழுப்பு. திரும்பினால் டீச்சர். "ஞாயித்துக்கெழம என்னா வேல ஒனக்கு?" என்பார். வேலை இருக்கிறது என்று சொன்னால் என்ன வேலை என்பார். இல்லை என்று சொன்னால், முடிந்தது கதை. அவருக்குப் 'பிடிவாரண்டு' என்று பட்டப்பெயர் வைத்தவன் அடியேன். அவருக்கும் அது தெரியும். ஒரு நாள் என் முழங்கையில் குடையை மாட்டி, "வாரண்டு வந்துருக்கு" என்றார். என் நகைச்சுவைக்கு அவர் கொடுத்த ஒரே அங்கீகாரம் அது. சிரிக்கவில்லை.

ஞாயிறு காலையில் சபை வாசலில் நிற்பார். எல்லோரும் எல்லோருக்கும் ஸ்தோத்திரம் சொல்லிக்கொள்வோம் இல்லையா, டீச்சருக்கு அந்த வழக்கம் கிடையாது. உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி.

"யாரக் கூட்டிட்டு வந்தே?"

பெரியவர்களிடம் "வந்தீங்க." அவ்வளவுதான் மரியாதை. சிலர் மனைவியைக் காட்டுவார்கள். "அவங்க போன வாரமும் வந்தாங்க" என்று தள்ளிவிடுவார். நான் ஒரு முறை பின்னால் திரும்பி, தரையைக் காட்டி, "என் நெழலு டீச்சர்" என்றேன். "அதுவும் ஒன்ன மாதிரி குண்டாத்தான் இருக்கு. உள்ள போ" என்றார்.

இந்தக் கேள்வி அவருக்கு எங்கிருந்து வந்தது என்றால், எங்கள் கடைசி வெள்ளைக்காரப் போதகர் விடைபெற்ற நாளிலிருந்து வந்தது. கொடி மாறுவதற்குச் சில மாதங்கள் முன்பு அவர் கப்பலேறினார். நல்ல மனிதர். அவர் பேசிய தமிழ், வெற்றிலை போட்டுக்கொண்டு பேசுவது போல இருக்கும். கடைசிப் பிரசங்கத்தில், "இனிமேல் என் வேலை உங்கள் வேலை. உங்களில் ஒவ்வொருவரும் அனுப்பப்பட்டவர்" என்றார். ஆமென் என்றோம். கண் துடைத்தோம். கேக் வெட்டினோம். சபைச் செயலாளர் எழுந்து நன்றியுரை சொன்னார். அவர் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுகிறவர். பேச்சும் கட்டுப் போட்டது போலப் பதமாக இருக்கும்.

"துரை அவர்கள் விட்டுச் செல்லும் பணியை நாங்கள் தொடர்ந்து செய்வோம்" என்றார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "யாரு?"

டீச்சர் எழுந்து நின்றிருந்தார்.

"எல்லாரும்தான் டீச்சர்."

"எல்லாரும்னா யாரும் இல்ல. யாரு, எந்த நாள்ல இருந்து? அதச் சொல்லுங்க."

செயலாளர் சிரித்தார். துரையும் சிரித்தார். நான் கேக் தின்றுகொண்டிருந்தேன். யாரும் சொல்லாததால், டீச்சர் மறுநாள் திங்கட்கிழமையிலிருந்து தானே தொடங்கிவிட்டார். நூறு பேர் தலையாட்டிக் கேட்ட ஒரு வாக்கியத்தை ஒருத்தி மட்டும் உத்தரவாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நாங்கள் அதற்குப் பிறகு பார்த்தோம்.

முடிவெட்டும் கடைக்குள் போவார். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு சாய்ந்திருக்கிறவன் ஓட முடியாது என்பது அவர் கண்டுபிடிப்பு. கடைக்காரர் என்னிடம் வந்து அழுதார்: "கிராணி, டீச்சர் வந்தாலே ஆளுங்க பாதி தாடியோட எந்திரிச்சுப் போறாங்க லா! கத்திய வச்சிக்கிட்டு நான் எப்படி ஓடிப் பிடிக்கிறது?" பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் கிழிப்பவருக்கே டிக்கெட் கொடுக்கப் பார்ப்பார், மோட்சத்துக்கு.

எங்கள் தெருவுக்கு அந்தப் பக்கம் சிட்டிமார் கம்போங், எப்போதோ வந்து தமிழை மறந்துவிட்ட பழைய தமிழ்க் குடும்பங்களின் குடியிருப்பு. அங்கே ஒரு அம்மாள். நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங், பேச்சு முழுக்க மலாய். டீச்சர் வாசலில் நின்று சுத்தத் தமிழில் அரை மணி நேரம் பேசினார். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாசோக்லா, மாக்கான் டூலு" என்று உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பலகாரம் கொடுத்தார். முதலில் சாப்பிடு, மற்றது பிறகு என்று அர்த்தம். அதோடு விடவில்லை. தங்கள் கோயில் திருவிழாவுக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"நான் கூட்டிட்டு வரப் போனேன். அவ என்னயக் கூட்டிட்டுப் போகப் பாக்குறா."

"போகவேண்டியதுதானே டீச்சர்? பலகாரம் நல்லா இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு" என்றார், கோபமாக.

இப்படி ஒரு வருடம் ஓடியது. காஜா பேராங்கில் அவர் பிடிக்காத முழங்கை இல்லை என்று ஆயிற்று. வந்தவர்கள் ஒரு வாரம் வந்தார்கள், இரண்டு வாரம் வந்தார்கள், கேக் இல்லை என்று தெரிந்ததும் நின்றுகொண்டார்கள். குடையின் நுனி தெரிந்தாலே ஆட்கள் சந்துக்குள் திரும்பினார்கள். ஆள் தீர்ந்துபோயிற்று. அதனால்தான், அதனால் மட்டும்தான், அவர் ஒரு நாள் விடிகாலையில் பின்கதவைத் திறந்தார் என்று நினைக்கிறேன். அவரைப் பெரிய மகாத்மாவாக்க எனக்கு விருப்பமில்லை. அவருக்கும் பிடிக்காது.

அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளுக்குப் பின்னால் ஒரு குறுகிய சந்து உண்டு. கக்கூஸ் வாளிகளை எடுக்க முனிசிபாலிட்டி ஆட்கள் அதன் வழியாக வருவார்கள். வண்டிச் சத்தம் கேட்டதும் தெரு முழுக்கப் பின் ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொள்ளும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் தினமும் விழிப்பேன். அன்று ஒரு ஜன்னல் குறைந்தது. டீச்சர் பின்கதவைத் திறந்து நின்று, வாளியைத் தூக்கிக்கொண்டிருந்த சடையன் என்பவரைப் பார்த்து, "பசியாறியாச்சா?" என்று கேட்டாராம். சடையன் கையிலிருந்த வாளி கொஞ்சம் ஆடிவிட்டதாம். இதை சடையனே பிறகு எனக்குச் சொன்னார். "இருவது வருசமா அந்தச் சந்துல போறேன் கிராணி. அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் ஆளு இருக்குதுன்னே அன்னைக்குத்தான் தெரிஞ்சிச்சு."

சடையன் ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். நகராட்சி லைனில், அதாவது துப்புரவு ஆட்களுக்கான வரிசை வீடுகளில், மனைவியோடு இருந்தார். அந்த லைனில் ஒரு சின்ன மாரியம்மன் கோயில். ஆண்டுத் திருவிழாவில் உறுமி அடிப்பது அவர்தான். அவர் தாத்தா ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த உறுமி. லைனில் சடையனுக்கு இருந்த மரியாதையெல்லாம் அதில்தான் இருந்தது. வருடம் முழுக்க எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்கிற மனிதருக்கு, அந்தச் சில நாட்கள் எல்லோரும் வழிவிட்டு நிற்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கொள்ள டீச்சர் அவருக்கு ஒரு வெள்ளைச் சட்டை தைத்தார். பின்கதவிலிருந்தே கண்ணால் அளவெடுத்துத் தைத்தது. ஊருக்கே தையல் சொல்லிக்கொடுத்தவர் தைத்த அந்தச் சட்டைக்குக் கை மட்டும் விரலைத் தாண்டித் தொங்கியது. "மடிச்சு விட்டுக்க" என்றார். தன் தவறுக்கு அவர் சொன்ன அதிகபட்ச வருத்தம். சடையன் கையை மடித்து விட்டுக்கொண்டு, மனைவியோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். கடைசி பெஞ்சில் வழக்கமாக உட்கார்ந்து தூங்குகிறவர்களுக்கெல்லாம் அன்றிலிருந்து பிரசங்கத்தில் ஆர்வம் பிறந்து, முன் பெஞ்சுகளுக்கு நகர்ந்தார்கள்.

எங்கள் சபையில் சாதி கிடையாது. இதை நான் அடித்துச் சொல்வேன். எல்லோருமே அதை நாகப்பட்டினத்துக் கரையில் விட்டுவிட்டுத்தான் கப்பலேறினோம். கப்பல் கொஞ்சம் மெதுவாகப் போனது. அது நீந்தியே வந்து சேர்ந்துவிட்டது.

ஞானஸ்நானம் எடுப்பதற்கு முந்தின வாரம் டீச்சர் சடையனிடம் உறுமியைப் பற்றிப் பேசினார். சபை முற்றத்தில், என் காதுபடவே.

"அத நீ யாருகிட்டயாச்சும் குடுத்துறணும் சடையா."

"எங்க தாத்தன் அடிச்சது டீச்சர்."

"தெரியும்."

"குடுத்துட்டா திருப்பிக் கேக்க முடியாது. லைன்ல அப்புறம் எனக்கு எடம் இல்ல."

"தெரியும். இங்க எடம் இருக்கு."

அவர் இதைச் சொன்னபோது குரலில் ஒரு சந்தேகமும் இல்லை. எனக்கு இருந்தது. ஆனால் எனக்குச் சந்தேகம் வந்தால் நான் ஏதாவது ஜோக் சொல்வேன், அன்றும் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சடையன் உறுமியைத் தன் மச்சானிடம் கொடுத்தார். லைனில் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

ஞானஸ்நானம் ஆயிற்று. அடுத்து வந்தது முதல் திருவிருந்து. அப்போதெல்லாம் எங்களுக்கு ஒரே பாத்திரம். துரையின் தாத்தா காலத்து வெள்ளிப் பாத்திரம். எல்லோரும் வரிசையாகப் போய், ஒருவர் பின் ஒருவராக அதில் ஒரு வாய் திராட்சரசம் குடிக்க வேண்டும். வழக்கமாக இதில் பெரிய உபசாரம் நடக்கும்: "நீங்க மொதல்ல போங்க." "ஐயோ, நீங்க போங்க." அன்று உபசாரம் ஒன்றும் இல்லை. பாட்டின் முதல் அடியை நான் முடிப்பதற்குள் மொத்தச் சபையும் எழுந்து முன்னால் பாய்ந்தது. கிழவிகள்கூட ஓடினார்கள். சடையனுக்கு விஷயம் புரியவில்லை. பக்தியில்தான் ஓடுகிறார்கள் என்று நினைத்து, ஓரமாக ஒதுங்கி, மடித்துவிட்ட கையை நீட்டி, "போங்க, போங்க" என்று எல்லோருக்கும் வழிவிட்டார். கடைசியில் அவரும் மனைவியும் குடித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் டீச்சர். டீச்சருக்குப் பின்னால், பாட்டு முடிந்து எப்போதும் கடைசியில் வருகிற ஆர்மோனியம். என்னை வீரன் என்று நினைத்துவிட வேண்டாம். மிச்சம் இருக்கிறதா என்பதில்தான் எனக்குக் கவலை.

அடுத்த வாரமே கமிட்டி கூடியது. ஆர்மோனியம் வாசிப்பவனுக்குக் கமிட்டியில் ஓட்டு இல்லை, டீ உண்டு. ஆகவே நானும் இருந்தேன். செயலாளர் கிருமிகளைப் பற்றிப் பேசினார்.

"நான் ஆஸ்பத்திரியில இருக்கேன். கிருமின்னா என்னான்னு எனக்குத் தெரியும். இனிமே ஆளுக்கொரு சின்ன கிளாஸு. சிங்கப்பூர்ல கெடைக்குது."

"இத்தன வருசமா அந்தக் கிருமி எங்க போயிருந்துச்சு?" என்றார் டீச்சர்.

"சயன்ஸ் வளருது டீச்சர்."

"போன ஞாயித்துக்கெழமையில இருந்தா?"

இருமி இருமியே செத்துப்போன முந்தைய செயலாளருக்குப் பின்னால், அதே பாத்திரத்தில் நாங்கள் எல்லோரும் பல வருடம் குடித்திருக்கிறோம். அந்தக் கிருமிகளுக்கு நல்ல குடும்பத்துப் பழக்கம் இருந்தது போலிருக்கிறது. புதிதாக வந்த தமிழ்ப் போதகர் இளைஞர், சாது. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தகரக் கூரையில் பார்க்க ஒன்றும் இல்லை. தீர்மானம் நிறைவேறியது.

கிளாஸ்கள் வைக்கோல் பொதிந்த பெட்டியில் வந்து இறங்கின. அழகானவை, கட்டைவிரல் உயரம். குழி குழியாக வெட்டிய மரத் தட்டில் நிற்கும். இனி யாரும் எழுந்து ஓட வேண்டியதில்லை. தட்டு உட்கார்ந்த இடத்துக்கே வரும். எனக்கான கிளாஸை ஆர்மோனியத்தின் மேல் வைத்துவிட்டார்கள்.

அந்த ஞாயிறு செயலாளர் தட்டை ஏந்திக்கொண்டு பெஞ்சு பெஞ்சாக வந்தார். கடைசிக்கு முந்தின பெஞ்சோடு தட்டு நின்றது. பிறகு இன்னொருவர் ஒரு பீங்கான் சாஸரைக் கொண்டுவந்தார். அதில் இரண்டு கிளாஸ்கள். சிங்கப்பூர் கிளாஸ் அல்ல. கோப்பிக்கடையில் சாயா ஊற்றுகிற தடிக் கிளாஸ். அடியில் சொட்டுப்போல திராட்சரசம்.

சடையன் சாஸரைப் பார்த்தார். முன் பெஞ்சுக்காரர்களின் கையைப் பார்த்தார்.

"இது ஏன் வேற?"

"தட்டுல எடம் பத்தல" என்றார் செயலாளர், மெதுவாக.

கடைசி பெஞ்சில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சர் எழுந்தார். சாஸரிலிருந்து ஒரு கிளாஸை எடுத்தார். மடக்கென்று குடித்துவிட்டுத் திருப்பி வைத்தார்.

"இப்ப இங்க ஒண்ணு கொறையுது. தட்டுல இருந்து ஒண்ணு இவருக்குக் குடுங்க."

சடையனை அவர் 'இவர்' என்று சொல்லி நான் கேட்டது அப்போதுதான்.

செயலாளர் தட்டைக் கொஞ்சம் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான் செய்தார். அவரை அரக்கன் என்று சொல்ல முடியாது. ஒரு தட்டைக் கொஞ்சம் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். போதகர் கூரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, பாட்டு என்று சைகை காட்டினார். நான் வாசித்தேன். எனக்குத் தெரிந்தது அதுதானே. நான் மிதிக்க மிதிக்க, ஆர்மோனியத்தின் மேல் நான் குடித்து வைத்த சின்ன கிளாஸ் கிணுகிணுவென்று நடுங்கியது.

சடையன் மிச்சமிருந்த கிளாஸைத் தொடவில்லை. எழுந்தார். "வா" என்றார் மனைவியிடம். "வர்றேன் டீச்சர்" என்றார். சட்டையின் மடிப்பு அவிழ்ந்து கை விரலைத் தாண்டித் தொங்கியது. அதைச் சரி செய்துகொள்ளாமலே போனார்.

அதற்கப்புறம் அவர் வரவில்லை. டீச்சர் லைனுக்குப் பல முறை போனார் என்று தெரியும். என்ன பேசினார்கள் என்று தெரியாது. ஆனால் ஒன்றைப் பார்த்தேன். அந்த வருடம் லைன் மாரியம்மன் திருவிழா அன்று பகலில் அந்தப் பக்கமாகச் சைக்கிளில் போனேன். உள்ளே மச்சான் உறுமி அடித்துக்கொண்டிருந்தான், சுமாராக. சாலைக்கு இந்தப் பக்கம் சடையன் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளேயும் போகவில்லை, விட்டும் போகவில்லை. பக்கத்தில் டீச்சர். கொளுத்துகிற வெயில். டீச்சர் குடையை விரித்து அவர் பக்கமாக நீட்டிப் பிடித்திருந்தார். அந்தக் குடை விரிந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். சடையன் ஓரடி தள்ளி, வெயிலிலேயே நின்றார். நடுவில் குடை யாருக்கும் இல்லாமல் விரிந்திருந்தது.

நான் இறங்கவில்லை. மணியடிக்கவும் இல்லை.

கமிட்டி இன்னொரு தீர்மானமும் போட்டது: இனிமேல் புதிதாக யாரையாவது கூட்டிக்கொண்டு வருவதானால் முதலில் கமிட்டியிடம் அனுமதி வாங்க வேண்டும். அதே மாதம், நாம் ஒவ்வொருவரும் அனுப்பப்பட்டவர்கள் என்று போதகர் பிரசங்கம் செய்தார். நன்றாகவே செய்தார். ஆமென் என்றோம்.

டீச்சர் சபையை விட்டுப் போய்விடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். சிலர் ஆசையாகவே எதிர்பார்த்தார்கள். அவர் போகவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்தார். தட்டு வந்தால் தலையை ஆட்டிவிட்டார். வாசலில் மட்டும் நிற்கவில்லை. கேள்வியும் இல்லை. நாங்கள் நிம்மதியாக ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு உள்ளே போனோம். எனக்கு அந்த நிம்மதி ஒத்துக்கொள்ளவில்லை. சில வாரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஒரு நாள் அவர் பெஞ்சுப் பக்கம் போய் நின்று, "டீச்சர், என்னய ஒண்ணுமே கேக்கலியே?" என்றேன்.

அவர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

அந்த வீம்பில்தான் என் வாழ்நாளின் முதலும் கடைசியுமான மிஷனரிப் பயணத்தை மேற்கொண்டேன். கப்பல் தேவைப்படவில்லை; சைக்கிளே போதும். சாயங்காலம் லைனுக்குப் போனேன். சடையன் வாசலில் ஸ்டூலைப் போட்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். "வாங்க கிராணி" என்று எழுந்து, அந்த ஸ்டூலை எனக்குக் கொடுத்தார். அவர் மனைவி சாயா கொண்டுவந்தார், தடிக் கிளாஸில். நான் குடித்தேன். குடிக்கும்போதே, பார்த்தாயா, நான் குடிக்கிறேன் என்று எனக்குள் ஒருவன் கைதட்டினான். அவனை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

"ஞாயித்துக்கெழம வாங்க. நானே வந்து கூட்டிட்டுப் போறேன். என் பக்கத்துல ஒக்காருங்க" என்றேன்.

சடையன் வெற்றிலையை மென்றார். அவசரப்படவில்லை.

"நீங்க அங்க குடிக்கிறீங்கள்ல, சின்ன கிளாஸு. அதக் கொண்டாங்க. வர்றேன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கிளாஸெல்லாம் சபையின் சொத்து, அலமாரியில் பூட்டு, சாவி செயலாளரிடம் என்றெல்லாம் விளக்கினேன். எல்லாம் உண்மை. அவர் எல்லாவற்றுக்கும் "சரி கிராணி" என்றார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

இதை டீச்சரிடம் சொல்ல எனக்கு வாய்ப்பு வரவில்லை என்று சொன்னால் பொய். வாய் வரவில்லை. மெர்டேக்கா முடிந்து இரண்டு வருடம் போல இருக்கும், டீச்சர் வேலையை விட்டுவிட்டு சிரம்பானில் இருந்த தங்கை வீட்டோடு போய்விடுவதென்று முடிவு செய்தார். சபையில் பிரிவு உபசாரம் எதுவும் நடக்கவில்லை. கேக்கும் இல்லை. நான் மட்டும் பஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அவருடைய தகரப் பெட்டியைத் தூக்கி மேலே போடப் போய், அது என்மேலேயே விழப் பார்த்தது. டிரைவர் வந்து காப்பாற்றினார்.

டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் குடை, மடக்கியபடி. பஸ் கிளம்ப நேரம் இருந்தது. அவரை ஒரு முறையாவது சிரிக்க வைத்து அனுப்ப வேண்டும் என்று எனக்கு ஆசை. என் மிஷனரிப் பயணத்தைக் கதையாகச் சொன்னேன். நடித்தும் காட்டினேன்: நான் தொப்பையோடு ஸ்டூலில் உட்கார்ந்தது, ஸ்டூல் முனகியது, சடையன் வெற்றிலை மென்றது, அவர் குரல், அவர் கேட்ட கிளாஸ். பக்கத்து சீட்டுக்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

"ஞாயித்துக்கெழமயானா அந்த கிளாஸு என் ஆர்மோனியத்து மேலதான் டீச்சர் ஒக்காந்துருக்கு. நான் வாசிச்சா அதுவும் கூடவே பாடுது" என்று முடித்தேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. பஸ்காரன் எஞ்சினை முடுக்கினான். அவர் ஜன்னலுக்கு வெளியே என்னைப் பார்த்தார்.

"கொண்டுபோனியா?"